ஆகஸ்ட் மாதக் காற்று

ஸ்பிரிங்வேல், மெல்பேர்ண்
16 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். குளிருக்கு வலது முழங்கால் மட்டும் முரண்டு பிடிக்கிறது. பேஸ்போலில் குந்தியிருந்து பந்து பிடிக்கிற கச்சர் வேலைக்கு அது கேட்டு வாங்கிய வருத்தம். நீங்கள், அத்தான், மகள் மயூரா, அப்பா, அம்மா எல்லோரும் சுகமென்று நேற்றுப் போனில் அறிந்தேன். எங்கள் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர்தான். மேசை நடுவில் வைத்துவிட்டு ஆளுக்கொரு கேள்வி கேட்பீர்கள். செய்தி அனுப்பினாலோ அது அம்மாவின் ஐபாட்டிலும் போய் விழுகிறது. ஆகவேதான் உங்கள் வேலைத்தளத்து விலாசத்துக்கு இந்தக் கடிதம். சிரிக்காதீர்கள். அப்பா காதைத் திருகிப் படிப்பித்த தமிழ் இதற்காவது உதவட்டும்.

வருகிற ஜனவரியில், கிளப்பின் வானவில் ஆட்டத்தன்று, நான் யாரென்று எல்லோருக்கும் சொல்லப்போகிறேன். அதற்கு முதல் அப்பா அம்மாவுக்குத் தெரியவேண்டும். உங்களுக்கு இரண்டு வருடமாகத் தெரியும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் என்னால் சொல்ல முடியும்.

ஏன் இந்த அவசரம் என்று கேட்பீர்கள். போன ஜனவரியில் நடந்ததை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. ஆண்களை விரும்புகிற என்னைப் போன்றவர்களும் பயமில்லாமல் மைதானத்துக்கு வரலாம் என்று காட்ட வருடத்தில் ஒரு ஆட்டம் வைக்கிறார்கள். எல்லோரும் வானவில் நிறத்தில் தொப்பி போடுவோம். நன்றாகப் பேசுவேன் என்று என் கையில் மைக்கைத் தந்தார்கள். "அவர்களுக்குப் பக்கத்தில் நாங்கள் நிற்போம்" என்று முழங்கினேன். அவர்களாம், நாங்களாம். சனம் எழுந்து கைதட்டியது. என் கிரண் முன் வரிசையில்தான் இருந்தான். ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவனைக் காணவில்லை. டார்னெய்ட்டில் இருக்கிற தாய் தகப்பனிடம் போய்விட்டான். எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து ஒன்றுதான் சொன்னான். "பொய் சொன்னது கூடப் பரவால்லடா. என்னைப் பார்த்துக்கிட்டே சொன்ன பாரு, அதுதான்."

அந்த நாளிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை, அக்கா. பகலில் மரவாடியில் பலகை தூக்குகிறேன், பின்னேரம் பயிற்சிக்குப் போகிறேன், வீட்டுக்கு வந்து நடந்துகொண்டே சாப்பிடுகிறேன். என்ன செய்யலாம் என்று எழுதுங்கள்.

மயூராவுக்கு ஒரு கொஞ்சல்.
தம்பி அனோஜன்

*

லிட்கம், சிட்னி
9 ஜூலை 2024

அன்பின் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. வேலைத்தளத்துச் சாப்பாட்டு அறையில் இருந்து வாசித்தேன். என்னோடு இரத்தம் எடுக்கிற பிள்ளை, "யாரும் மோசமோ, செத்த வீடோ?" என்று கேட்டாள். இந்தக் காலத்தில் கையால் எழுதிக் கடிதம் வந்தால் அப்படித்தான் நினைப்பார்கள்.

இங்கு எல்லோரும் கடவுள் புண்ணியத்தில் சுகம். அப்பாவின் பிரஷர் ஏறி இறங்குகிறது. இறங்கினால் கருவாடு கேட்கிறார், ஏறினால் என்னைப் பேசுகிறார். அம்மா உன்னுடைய ஆட்டமெல்லாம் பார்க்கிறா. விளங்குகிறதோ தெரியாது. நீ முகமூடியைக் கழற்றுகிற நேரம் மட்டும், "மெலிஞ்சு போனான்" என்பா.

நீ எழுதிய விஷயத்தை நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் இது நேரமில்லை, தம்பி. ஆகஸ்டில் இங்கே கோயிலில் மடு மாதா திருவிழா வருகிறது. அதற்கு முந்தின ஒன்பது நவநாளில் ஒரு நாளை அப்பா உன் பெயரில் பொறுப்பெடுத்திருக்கிறார். மன்னாரில் தடியால் பந்தடித்து எல்லே விளையாடித் திரிந்த பிள்ளை சம்பளத்துக்கு பேஸ்போல் ஆடுகிறான் என்று மாதாவுக்கு நன்றி சொல்லப்போகிறாராம். சங்கத்து ஆட்கள் எல்லோருக்கும் போன் எடுத்து முடித்துவிட்டார். இந்த நேரம் போய் நான் எதைச் சொல்வது? அவர் தாங்கமாட்டார். நீ மெல்பேர்ணில் இருக்கிறாய். கோயில் வாசலில் ஆட்களுக்கு முகம் கொடுக்கிறது நாங்கள்.

திருவிழா முடியட்டும். பிறகு இருந்து கதைப்போம். முழங்காலுக்கு எண்ணெய் போடு. உன் அறை நண்பருக்கும் என் விசாரிப்பைச் சொல்லு.

அன்புடன்,
அக்கா கிறிஸ்ரினா

*

ஸ்பிரிங்வேல்
21 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அங்கும் அதுவே என்று நம்புகிறேன். விசாரிப்பைச் சொன்னேன். "யாருக்குச் சொன்னாங்க? அறைக்கா, நண்பனுக்கா?" என்று கிரண் கேட்டான். அவனுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. ஆளின் எலும்பு வரைக்கும் பார்க்கிற பழக்கம்.

திருவிழா முடியும் வரை நான் வாய் திறக்கவில்லை. ஆனால் சும்மா இருக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். போன கிழமை அமெரிக்கக் கழகம் ஒன்றிலிருந்து ஆள் தேடுகிறவர் ஒருவர் வந்து என் பயிற்சியைப் பார்த்துப் போனார். அங்கே மேல் லீக்கில் விளையாடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே இதைப் பகிரங்கமாகச் சொன்னவர் என்று ஒருவரும் இல்லை. நான் சொன்னால் அந்த ஆள் தேடுகிறவர் திரும்பி வருவாரா? வராவிட்டால் அதனால்தான் என்று யாராவது சொல்வார்களா? சொல்லமாட்டார்கள். முழங்கால் என்பார்கள்.

உடை மாற்றும் அறையில் யாரும் கெட்டவர்கள் இல்லை. பகிடிதான். எறிந்த பந்து வழுக்கினால் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், என்னைப் போன்றவர்களைக் கேலி செய்கிற சொல் அது. நானும் சிரிக்கிறேன். சத்தமாகச் சிரித்தால் பொய், சிரிக்காவிட்டால் சந்தேகம். நடுவாக ஒரு சிரிப்புப் பழகி வைத்திருக்கிறேன். எங்கள் பந்தெறிகிற டேன் எனக்கு எத்தனை வருடச் சிநேகிதன். அவன் கையைப் பார்த்தே அடுத்த பந்து என்னவென்று சொல்வேன். அவனுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது.

கிரணின் அப்பா வரதராஜன் அங்கிளுக்கு எங்கள் விஷயம் தெரிந்தபோது அவர் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள் காரில் என்னை ஏற்றிக்கொண்டு போய், "தம்பி, உங்க விளையாட்டுக்கு பென்ஷன் உண்டா?" என்று கேட்டார். அதோடு சரி. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கேள்வி வந்தால் போதும்.

ஆகஸ்ட் முடிந்ததும் எழுதுங்கள்.
தம்பி அனோஜன்

*

இயேசு மரி சூசை

லிட்கம்
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மகன் அனோஜனுக்கு,

மாதாவின் கிருபையால் நானும் அம்மாவும் நல்ல சுகம். உனது சுகத்துக்கும் பிரார்த்தித்துக்கொள்கிறோம். ரெலிபோனில் சொல்லலாம்தான், ஆனால் திருவிழாச் செய்தியை எழுத்தில் வாசிப்பதே அழகு.

எங்கள் நாள் மிகச் சிறப்பாக நடந்தது. பூசைக்குப் பிறகு வந்த எல்லோருக்கும் ரோல்ஸும் பால்தேத்தண்ணியும் கொடுத்தோம். மண்டப வாசலில் உனது பெரிய படம் போட்டு ஒரு பதாகை கட்டினேன். "எங்கள் மகனுக்காக மாதாவுக்கு நன்றி. கொட்பிறி, டொறத்தி குடும்பம்" என்று எழுத்து. படத்தை உன் கிளப்பின் பக்கத்தில் நானே தேடி எடுத்தேன். மற்றப் படங்களில் முகமூடிக்குள் இருக்கிறாய். இதில்தான் முகம் தெளிவு. பல நிறத் தொப்பி போட்டு, மைக் பிடித்து, ஒரு மந்திரி மாதிரி நிற்கிறாய்.

இளம் பிள்ளைகள் எல்லோரும் அதற்கு முன் நின்று போட்டோ எடுத்தார்கள். உனக்கு அவர்களிடம் இவ்வளவு மதிப்பென்று எனக்குத் தெரியாது. பூசை முடிந்து வெளியே வந்து பார்த்தால் பதாகையைக் காணவில்லை. காற்று அடித்துக் கிழித்துப் போட்டதாகக் கிறிஸ்ரினா சொன்னாள். நான் பார்த்த அளவில் அன்றைக்கு இலை அசையவில்லை. மண்டபத்துப் பக்கம் வேறு காற்றாக இருக்கலாம்.

தவறாமல் பூசைக்குப் போ. உன்னோடிருக்கிற அந்தப் பிள்ளை சைவமென்றாலும் மெழுகுதிரி கொளுத்தினால் குறையில்லை என்று சொல்லு.

ஆசீர்வாதத்துடன்,
அப்பா கொட்பிறி

*

ஸ்பிரிங்வேல்
27 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

சுகம். சுகமென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் கடிதம் வந்தது. அதற்கு முதலே மச்சான் ஆரூரன் படத்தை எனக்கு அனுப்பிவிட்டான், சிரிக்கிற முகங்கள் வரிசையாகப் போட்டு. அந்தப் படம், அக்கா. அந்த மைக். உலகத்தில் என்னைப் பிடித்த ஆயிரம் படங்களில் நான் வெட்கப்படுகிற ஒரே படம். அதைத்தான் அப்பா ஆள் உயரத்துக்கு அடித்து மாதாவுக்கு முன்னால் கட்டியிருக்கிறார். அந்தத் தொப்பி என்னவென்று மண்டபத்தில் இருந்த இளம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும், கட்டினவரைத் தவிர.

நான் சிரித்தேன். கிரணும் கண்ணில் தண்ணி வரச் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டான். "சரி, உங்கப்பா தெரியாம மாட்டினதை யாருடா தெரிஞ்சு கழட்டினாங்க?"

அதைத்தான் நானும் கேட்கிறேன். எந்தக் காற்று?

திருவிழா முடிந்துவிட்டது. உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
அனோஜன்

*

லிட்கம்
8 ஒக்ரோபர் 2024

அன்பின் தம்பிக்கு,

பதில் பிந்திப்போனதற்குக் குறை நினையாதே. வேலையில் ஆள் குறைவு. மயூராவுக்குக் காய்ச்சல் வந்து மாறி, எனக்கு வந்து, இப்போது அத்தானிடம் நிற்கிறது. ஆம்பிளைக்குக் காய்ச்சல் வந்தால் வீடு ஆஸ்பத்திரி என்று உனக்குத் தெரியும்தானே.

ஒரு நல்ல செய்தி. அத்தானின் தங்கச்சி கிரிஜாவுக்கு லண்டனில் இருந்து ஒரு கலியாணப் பேச்சு வந்திருக்கிறது. பொடியன் நல்ல வேலை, கோயில் பற்றுள்ள குடும்பம். மார்கழியில் வந்து எங்களைப் பார்க்கப்போகிறார்கள். சரிவந்தால் மாசியில் கலியாணம். அதுவரைக்கும் எங்களைப் பற்றி ஒரு கதை வெளியில் வரக்கூடாது. நான் சொல்லவேண்டியதில்லை, உனக்கு விளங்கும். கிரிஜா உன்னைத் தம்பி தம்பி என்று திரிகிற பிள்ளை. அவளுக்காக எண்டாலும் இந்த ஜனவரி வேண்டாம். அடுத்த ஜனவரியும் வரும். பேஸ்போல் எங்கே போகப்போகிறது?

அப்பாவுக்கு நெஞ்சில் ஒரு பாரம் என்று டொக்ரரிடம் காட்டினோம். ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாமல் இருக்கட்டும் என்றுதான் நானும் பாடுபடுகிறேன்.

காற்றைப் பற்றிக் கேட்டிருந்தாய். சிட்னியில் ஆகஸ்ட் மாதம் காற்றுத்தான்.

உன் நண்பருக்கு விசாரிப்பு.
அக்கா

*

ஸ்பிரிங்வேல்
27 ஒக்ரோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோருக்கும் காய்ச்சல் மாறியிருக்கும். கிரிஜா அக்காவுக்கு என் வாழ்த்து, மனதாரச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தைக் கிரணிடம் வாசித்துக் காட்டினேன். அடுத்த ஜனவரி என்ற இடத்தில் அவன் கேட்டுக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டான். பேர்த்தில் ஒரு வேலை அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, அதற்கு ஓம் என்று சொல்லிவிட்டான். நவம்பர் நடுவில் போகிறான்.

சண்டை இல்லை. சண்டை பிடித்திருந்தால் எனக்கு நல்லது. "உங்க அக்கா மேல கோவம் இல்ல. உன் மேலயும் இல்ல. நான் இந்த வீட்ல இருக்கேனா இல்லையான்னு எனக்கே தெரியல, அதான் போறேன்" என்றான். சட்டைகளை மடிக்க நானும் உதவி செய்தேன். என்ன ஒரு பைத்தியக்காரத்தனம், ஆள் போவதற்கு நானே மடித்துக் கொடுத்தேன். அவன் கேட்டது ஒரு சொல். நான் தந்தது அடுத்த வருடம், அதற்கு அடுத்த வருடம்.

அவன் போகிற கிழமையில்தான் எங்கள் முதல் ஆட்டம்.

அப்பாவின் நெஞ்சைக் கவனமாகப் பாருங்கள். என்னுடையதையும் யாராவது டொக்ரர் பார்த்து ஒன்றுமில்லை என்றால் நல்லது.

தம்பி

*

லிட்கம்
14 டிசம்பர் 2024

அன்பின் தம்பிக்கு, கிறிஸ்மஸ் வாழ்த்துகள். எல்லோரும் சுகம். கேக் அனுப்பியிருக்கிறேன், அம்மா அடித்தது, பிளம்ஸ் கூடிப்போச்சு. லண்டன் ஆட்கள் வந்து போனார்கள், நல்ல மாதிரி. வேறு விசேஷமில்லை.

அக்கா, அத்தான், மயூரா

*

ஸ்பிரிங்வேல்
13 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா? இதை வழக்கத்துக்குக் கேட்கவில்லை. வியாழக்கிழமை பின்னேரம் நீங்கள் வேலையில் நின்ற நேரம் நான் வீட்டுக்குப் போன் எடுத்தேன். அதன் பிறகு உங்கள் யாரிடமிருந்தும் ஒரு சொல் இல்லை. அங்கே என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது.

ஸ்பீக்கரில்தான் போடுவார்கள் என்று தெரிந்தே எடுத்தேன். அப்பா, அம்மா, அத்தான், மயூரா எல்லோரும் இருந்தார்கள். கிரிஜா அக்காவின் குரலும் கேட்டது. சொன்னேன். எனக்குக் கலியாணம் பேசவேண்டாம், நான் ஆண்களைத்தான் விரும்புகிறவன், கிரண் என் அறை நண்பன் இல்லை, மூன்று வருடமாக நானும் அவனும் ஒரு குடும்பமாகத்தான் இந்த வீட்டில் இருந்தோம், இப்போது அவன் போய்விட்டான், சனிக்கிழமை இதைக் கிளப்பிலும் சொல்லப்போகிறேன். அப்படியே ஒரே மூச்சில் சொன்னேன். பிறகு அம்மா, "சாப்பிட்டியே, அப்பன்?" என்றா. ஓம் என்றேன். போன் நின்றுபோனது. யார் நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை.

உங்களைக் கேளாமல் செய்தேன். கேட்டிருந்தால் காத்திரு என்பீர்கள், நானும் காத்திருப்பேன். எனக்கு என்னைத் தெரியும்.

சனிக்கிழமை, ஆட்டத்துக்கு முதல் உடை மாற்றும் அறையில் எழுந்து நின்றேன். சொல்லி முடித்ததும் ஒருவன் கைதட்டத் தொடங்கி, மற்றவர்கள் தட்டாததால் விட்டுவிட்டான். பயிற்சியாளர், "சரி, பந்து பொறுக்குவோம்" என்றார். டேன் என்னைப் பார்க்கவே இல்லை. வெளியே போகும்போது, "இத்தனை வருடம் எனக்குச் சொல்லவில்லையே" என்றான். கோபம் அதற்குத்தானாம். அன்றைய ஆட்டத்தில் முதல் இரண்டு இன்னிங்ஸும் நான் கை காட்டிக் கேட்ட பந்து ஒன்றையும் அவன் எறியவில்லை. மூன்றாவதில் எறிந்தான்.

ஆட்டம் தொடங்கச் சற்று முதல் மைக். போன வருடம் சொன்ன அதே இடத்தில் நின்று, போன வருடம் நான் சொன்னது பொய் என்று சொன்னேன். கச்சருக்கு முதுகுப் பக்கம்தான் சனம், உங்களுக்குத் தெரியும். ஆட்டம் முழுக்க யாருடைய முகமும் தெரியாது. ஒருவன் கெட்ட வார்த்தை கத்தினான். ஒரு பெண் அவனை இரு என்று அதட்டினாள். அவ்வளவுதான். தோற்றுப்போனோம். அமெரிக்காக்காரர் வரவில்லை. முழங்கால் நோகிறது.

இவ்வளவு நாளும் பயந்தது இதற்குத்தானா என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது. இதைக் கேட்க அவன் இங்கே இல்லையே என்று அதைவிட ஆத்திரம்.

தம்பி அனோஜன்

*

இயேசு மரி சூசை

லிட்கம்
26 ஜனவரி 2025

மகன் அனோஜனுக்கு,

நானும் அம்மாவும் உயிரோடு சுகமாக இருக்கிறோம். பிரஷர் கூடவில்லை. டொக்ரருக்கே ஆச்சரியம்.

நான் உடனே எழுதவில்லை. எழுத ஒன்றும் வரவில்லை. நீ சொன்னது எனக்கு விருப்பமில்லை. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. உனக்கு ஒரு பெண்ணும் பிள்ளைகளும் வேண்டுமென்று கேட்டுச் செபித்து வந்தேன், அந்தச் செபத்தை எப்படி நிற்பாட்டுவதென்று இன்னும் பிடிபடவில்லை.

ரெலிபோன் வைத்த பிறகு அந்தத் தொப்பி என்னவென்று உன் அத்தான் ஜோன்சனைக் கேட்டேன். சொன்னார். பதாகை எங்கே என்று கேட்டேன். அவர் நிலத்தைப் பார்த்தார். மயூராதான், "அம்மா அதை மடிச்சு காருக்குப் பின் பெட்டிக்குள்ள வச்சவா" என்றாள். அது இன்னும் அங்கேதான் இருந்தது. கிறிஸ்ரினாவோடு நான் இப்போது பேசுவதில்லை. அந்தத் தொப்பியின் அர்த்தம் தெரிந்திருந்தால் நான் அதைக் கட்டியிருக்கமாட்டேன். ஆனால் கட்டிவிட்ட பிறகு அர்த்தம் தெரிந்திருந்தால் கழற்றியிருக்கவும் மாட்டேன். என் மகனின் படம் அது.

கிரிஜாவின் பேச்சு நிற்கவில்லை. லண்டன் ஆட்கள் கேள்விப்பட்டார்கள். மாப்பிள்ளையின் தாய், கலியாணத்துக்கு நீ வருவாயா என்று மட்டும் கேட்டாவாம்.

ஒரு விஷயம் என்னை உறங்க விடவில்லை. போன ஈஸ்ரருக்கு நாங்கள் உன்னிடம் வந்து நாலு நாள் நின்றோம். உன்னோடிருக்கிறவர் வேலை அலுவலாக வெளியூர் போயிருக்கிறார் என்றாய். பெரிய கட்டிலை எங்களுக்குத் தந்தாய். நீ சொன்னபடி பார்த்தால் அது அந்தப் பிள்ளையின் கட்டில், அவனுடைய வீடு. சண்டைக் காலத்தில் நானும் அம்மாவும் எங்கள் வீட்டை விட்டு எழும்பி, மடுவில் மரத்தடியில் படுத்திருக்கிறோம். நாங்கள் வந்ததால் ஒருவன் தன் வீட்டை விட்டு எழும்பிப் போயிருக்கிறான். என்னை ஒரு சொல் கேட்காமல் என் பெயரால் அதைச் செய்திருக்கிறீர்கள்.

அவன் அந்த நாலு நாளும் எங்கே படுத்தான்? அதை மட்டும் எழுது.

அப்பா

*

லிட்கம்
10 பெப்ரவரி 2025

அன்பின் தம்பிக்கும் கிரணுக்கும்,

இருவரும் சுகமென்று நம்புகிறேன். கிரண் பேர்த்தில் என்று தெரியும். விலாசம் என்னிடம் இல்லை, கேட்டு வைத்திருக்கவும் இல்லை. தம்பி, வாசித்துவிட்டு இதை அவருக்கு அனுப்பு.

வீட்டில் சாப்பாடு நடக்கிறது. அப்பா உப்பு வேண்டுமென்றாலும் மயூராவைக் கொண்டுதான் என்னிடம் கேட்கிறார். அம்மா பேசுகிறா, ஆனால் நான் பதாகையைத் துணிபோல மடித்த விதத்தைச் சொல்லிச் சொல்லிக் காட்டுகிறா. அது நான்தான். எந்தக் காற்று என்று நீ கேட்டாய், நான் ஆகஸ்ட் காற்றென்று எழுதினேன்.

அப்பா தாங்கமாட்டார் என்று உனக்கு எழுதினேன். தாங்கமாட்டாதது நான். கோயில் வாசலில் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்த ஒரு சிரிப்புக்குத்தான் பயந்தேன். இப்போது சிரிக்கிறார்கள். பொறுக்கக்கூடியதாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்கு வெட்கம்.

கிரண், ஈஸ்ரருக்கு அப்பா அம்மா வந்தபோது உங்களை வேறெங்காவது அனுப்பி வை என்று தம்பிக்குச் சொன்னவள் நான். உங்கள் கையால் நாலு தரம் தேத்தண்ணி குடித்திருக்கிறேன். இத்தனை கடிதத்தில் ஒரு தரமும் உங்கள் பெயரை எழுதவில்லை. அப்பா கேட்கிற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தம்பியும் இன்னும் எழுதவில்லையாம். அப்பா தபாலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்த ஈஸ்ரருக்கும் அவர்கள் ஸ்பிரிங்வேலுக்கு வரப்போகிறார்களாம். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நானும் வருவேன்.

கிறிஸ்ரினா

*

பெர்த்
3 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே நான் நலம், வெயில்தான் அதிகம். அப்பாவின் பிரஷர் சரியாக இருக்கும் என்று நம்புகிறேன்.

அனோஜன் உங்கள் கடிதத்தையும் அப்பாவின் கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு அனுப்பியிருந்தான். தன் பங்குக்கு ஒரு வரி கூட எழுதவில்லை. அவனுக்குப் பயம், எனக்குத் தெரியும். ஜனவரியில் அவன் பேசியதை நான் இங்கே வேலை முடிந்து வந்து வீடியோவில் பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறோம். முழங்காலைப் பற்றித்தான் பேசுகிறோம். வா என்று அவன் கேட்கவில்லை, வருகிறேன் என்று நானும் சொல்லவில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது, அக்கா. இல்லை என்று அவனிடம் சொன்னது பொய். கடிதத்தில் என் பெயரைப் பார்த்ததும் அது போய்விட்டது என்று எழுத ஆசைதான். கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நீங்கள் வரும்போது அதற்கும் சேர்த்து டீ போடுகிறேன்.

அப்பா கேட்டதற்குப் பதில். டார்னெய்ட்டில், எங்கள் வீட்டில், பள்ளிக்கூடம் படித்த காலத்து என் அறையில் படுத்தேன். துணி காயப்போடுகிற கம்பியை நகர்த்திவிட்டு அம்மா பாய் போட்டாங்க. ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. நான்கு நாளும் எனக்குப் பிடித்ததையே சமைத்தாங்க, அதனால்தான் நான் எதற்காக வந்தேன் என்று அவங்களுக்குத் தெரிந்திருந்தது என்று புரிந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. இதை மறைக்காமல் அப்பாவிடம் சொல்லுங்கள்.

ஈஸ்டருக்கு விடுமுறை கேட்டிருக்கிறேன், கிடைத்துவிட்டது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை, உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். அப்பாவும் அம்மாவும் பெரிய கட்டிலிலேயே படுக்கட்டும், முதுகுக்கு அதுதான் நல்லது. நான் ஹாலில் படுத்துக்கொள்கிறேன். வீட்டை விட்டு மட்டும் போகமாட்டேன்.

அன்புடன்,
கிரண்